தென்னைமரக்காரர்களும் புலிக்காரர்களும்

நம் இலக்கியக் கூட்டங்களில் விவாதம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து யாராவது ஒருவர் எழுந்து "அதெல்லாம் அவரவர் ரசனைங்க" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். எல்லாரும் தேநீருக்குக் கிளம்பிவிடுவோம். பழைய தபால் தலை சேகரிப்பவர்களிடம் இந்த வாக்கியம் எடுபடாது. சொல்லிப் பாருங்கள், திட்டியதுபோல் முறைப்பார்கள். உனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்றால் ஏன் பிடித்திருக்கிறது, அதில் எதைப் பார்த்தாய், காட்டு என்பார்கள். காட்டுவதற்குக் கையில் பூதக்கண்ணாடியும் வைத்திருப்பார்கள்.

சில வருடங்களாகப் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும், வார இறுதிகளில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் பழம்பொருள் சந்தையிலும் இவர்களுடைய சண்டைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விலைச் சண்டையை விட்டுவிடுகிறேன், அது எல்லாச் சந்தையிலும் உள்ளதுதான். எது நல்ல வடிவம் என்று இவர்கள் போடும் சண்டைதான் எனக்கு வேண்டியது. இதில் மூன்று பேர் அடிக்கடி வருவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அவரை நாங்கள் சார் என்றே கூப்பிடுவோம். கிள்ளானில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன். விளம்பர நிறுவனத்தில் வேலை செய்யும், முப்பது வயதுகூட ஆகாத ஒரு தங்கை. மூவருமே மலாயாவின் பழைய தபால் தலைகளைத்தான் சேர்க்கிறார்கள். ஆனால் ஒருவருக்குப் பிடித்ததை மற்றவர் தன் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில்கூட வைக்கமாட்டார்.

சார் தென்னைமரக்காரர். 1949 முதல் 1950களின் நடுப்பகுதிவரை மலாயாவின் மாநிலங்கள் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் தபால் தலை வெளியிட்டன. இரு ஓரமும் தென்னை, நடுவில் நீள்வட்டம், அதற்குள் அந்தந்த மாநிலத்தின் ஆட்சியாளர். ஜொகூர், கிளந்தான், பகாங், பேராக், பெர்லிஸ், சிலாங்கூர், திரெங்கானு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நெகிரி செம்பிலானுக்கு மட்டும் நடுவில் மாநிலச் சின்னம். கெடாவின் சில்லறை விலைகளில் நெற்கதிர்க் கட்டு. பினாங்குக்கும் மலாக்காவுக்கும் சுல்தான் கிடையாது, அதனால் முதலில் ஆறாம் ஜார்ஜ், பிறகு எலிசபெத். முதன்முதலாகப் பார்ப்பவருக்கு ஒரே தபால் தலையை நூறு தடவை ஒட்டி வைத்ததுபோல இருக்கும். எனக்கும் அது அரசாங்கப் பாரம் மாதிரிதான் தெரிகிறது.

சாருக்கு அந்த அலுப்புதான் அழகு. "சட்டம் ஒண்ணா இருந்தாத்தான் தம்பி உள்ள இருக்கிற வித்தியாசம் கண்ணுக்குப் படும். ஆயிரத்து முந்நூத்து முப்பது குறளும் ஒரே சட்டம்தான். உனக்கு அலுத்துச்சா?" இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டும்போது கண் தானாகவே நெகிரி செம்பிலானில் போய் நிற்கிறது. எல்லா முகங்களுக்கும் நடுவே முகமில்லாத ஒன்று. தனியாக எடுத்துப் பார்த்தால் அது வெறும் சின்னம். வரிசையில் வைத்தால்தான் ஏன் இங்கே முகம் இல்லை என்ற கேள்வி வருகிறது. கெடாவின் நெற்கட்டும் அப்படித்தான். 1912இல் கெடா தன் முதல் தபால் தலைகளை வெளியிட்டபோது சில்லறை விலைகளுக்கு வைத்த படம் அது. நாற்பது வருடம் கழித்துத் தென்னைச் சட்டம் வந்தபோதும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. பொது இலக்கணத்துக்குள் ஒரு வட்டார வழக்கு பிடிவாதமாக உட்கார்ந்திருப்பதுபோல. சாரின் ரசனைக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது: வடிவம் என்பது கட்டுப்பாடு, தனித்தன்மை அதற்குள்தான் வெளிப்பட வேண்டும். மரபுக்கவிதைக்காரர்களிடம் நாம் கேட்டுப் பழகிய வாதம்தான். ஆனால் அவர்களில் பலர் இவரளவு பொறுமையாக எடுத்துக் காட்டியதில்லை.

புலிக்காரர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அம்கோர்ப் மாலில் மேசை போடுபவர்களிடம் புதிதாக வருபவர் முதலில் கேட்பதும் புலிதான். 1890களின் தொடக்கத்தில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவற்றின் தபால் தலைகளில் பாயும் புலி வந்தது. கொஞ்ச காலத்தில் புலித் தலை வந்தது, பெரிய விலைகளுக்கு யானைகள் வந்தன. இந்த நான்கும் ஐக்கிய மலாய் மாநிலங்கள் என்று ஒன்றாக்கப்பட்ட பிறகு, 1900 முதல் நான்குக்கும் பொதுவாக ஒரே பாயும் புலி. வெள்ளிக் கணக்கு விலைகளில் யானைக் கூட்டம். 1935இல் மாநிலங்கள் மறுபடி தனித்தனியாகத் தபால் தலை வெளியிடும்வரை, ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், கோலாலம்பூரிலிருந்து போன கடிதங்களில் எல்லாம் அந்தப் புலி பாய்ந்துகொண்டே இருந்தது. சஞ்சிக்கூலிகளின் காலமும் கங்காணிகளின் காலமும் அதுதான் என்பதால், தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போன கடிதங்களின் மேலும் அதே புலிதான்.

புலிக்காரர்களைக் கேட்டால் உயிர், வேகம், காடு என்பார்கள். அதில் எனக்கும் மறுப்பில்லை. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில் ஒரு மிருகத்தைப் பாயவைப்பது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் சார் இந்த இடத்தில் ஒன்று கேட்பார்: "நாலு மாநிலம், நாலு ராஜா. எந்த ராஜாவ போடுறது? ஒருத்தர போட்டா மத்த மூணு பேருக்கு கோவம் வரும். அதான் வெள்ளக்காரன் புலிய போட்டான். புலிக்கு யாரும் சொந்தக்காரன் இல்ல பாரு." வெளியிட்டவர்களின் மனதில் இருந்தது இதுதானா என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை. ஆனால் படத்தைப் படிக்கும் முறையாக இது சரியானது. காட்டுமிருகத்தைப் பார்த்து மயங்கும்போது, அந்த இடத்தில் யார் இல்லை என்பதையும் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை மட்டும் சாரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் அதைச் சுல்தான்களுக்காகக் கேட்டார். எனக்கு அது வேறு ஓர் ஆளுக்காகப் பின்னால் தேவைப்பட்டது.

கிள்ளான் அண்ணனுக்குச் சுத்தமான தபால் தலையே பிடிக்காது. அவர் மேலச்சுக்காரர். ஏற்கெனவே அச்சான ஒன்றின் மேல் இன்னோர் அதிகாரம் தன் பெயரைக் குத்துவதுதான் மேலச்சு. அவர் கணக்குப்படி இந்த நாட்டின் தபால் வரலாறே மேலச்சில்தான் தொடங்குகிறது. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து தனிக் காலனியானபோது, அவசரத்துக்கு இந்தியத் தபால் தலைகளின் மேலேயே கிரீடத்தையும் சென்ட் விலையையும் அச்சடித்துப் பயன்படுத்தினார்கள். சிலாங்கூரின் முதல் தபால் தலைகளும் நீரிணைக் குடியேற்றத் தபால் தலைகளின் மேல் குத்தப்பட்டவைதான். "நம்மள மாதிரியே தம்பி. இந்தியாவுல அச்சடிச்சு, இங்க வந்து வேற பேரு குத்தினது," என்று சிரிப்பார். இந்த நகைச்சுவையை எல்லாரிடமும் சொல்வார். இருந்தாலும் நல்ல நகைச்சுவை.

அவருடைய பொக்கிஷம் சிலாங்கூரின் 1935 வரிசை. சென்ட் விலைகளில் கிள்ளான் அரண்மனைப் பள்ளிவாசல் இருக்கும், வெள்ளி விலைகளில் சுல்தான் சுலைமான். சொந்த ஊர் தபால் தலையில் வந்திருக்கிறது என்பதற்காகக் கிள்ளான்காரர்கள் பலரும் அதை வைத்திருப்பார்கள். ஆனால் அண்ணன் தேடுவது அதன் 1942 வடிவத்தை. ஜப்பானியர் வந்ததும், கையிருப்பில் இருந்த தபால் தலைகளைத் தூக்கி எறியாமல், அவற்றின் மேல் தங்கள் முத்திரையைக் கையால் குத்தி விற்றார்கள். பிறகு "டாய் நிப்போன் 2602 மலாயா" என்று அச்சிலேயே மேலச்சு வந்தது. 2602 என்பது ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 1942. கையால் குத்தியது என்பதால் முத்திரை ஒன்றில் நேராக இருக்கும், ஒன்றில் சாய்ந்திருக்கும், ஒன்றில் தலைகீழாக இருக்கும். பள்ளிவாசலின் மேல் அந்த முத்திரை விழுந்திருப்பதைக் காட்டி அண்ணன் சொன்னார்: "டிசைன்னு நீங்க பேசுறது எல்லாம் அமைதியான காலத்து டிசைன். இதுதான் நடந்தது. ஊர் மேலயே குத்திட்டான் பாரு."

தங்கைக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. "அண்ணே, நீங்க பாக்குறது டிசைன் இல்ல, காயம். காயம் எல்லாம் அழகாயிடுமா?" அண்ணன் சளைக்கவில்லை. அவருடைய பெரியப்பா சயாம் ரயில் பாதைக்குப் போனவர். திரும்பவில்லை. அந்த வருடங்களைப் பற்றிப் பேச வீட்டில் வேறு ஆவணம் எதுவும் கிடையாது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' நாவலை அவர் படித்ததில்லை, நான் கொடுத்த பிரதி கடையில் பில் புத்தகங்களுக்கு அடியில் கிடக்கிறது. ஆனால் முத்திரை குத்தப்பட்ட பள்ளிவாசலை அவர் நாவல்போலத்தான் படிக்கிறார்: முதலில் ஒரு ஊர், பிறகு ஒரு படை, பிறகு இரண்டும் ஒரே சதுரத்தில்.

இந்த ரசனைக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. ஜப்பானிய மேலச்சுகளில் போலிகள் ஏராளம். அசல் தபால் தலையை வாங்கி அதன் மேல் போலி முத்திரையைக் குத்திவிடுவார்கள். வலியை அழகு என்று வாங்க ஆள் இருந்தால், வலியைத் தயாரித்து விற்கவும் ஆள் வருவார்கள். தோட்டத் துயரத்தை மொத்தமாக உற்பத்தி செய்யும் சில கதைகளைப் படிக்கும்போது எனக்கு அந்தப் போலி முத்திரைகள்தான் நினைவுக்கு வருகின்றன. தாள் அசல், மை மட்டும் போன வாரத்தையது.

சேதம் எப்படி ரசனையாகிறது என்பதற்கு அமெரிக்கர்களின் பேஸ்பால் அட்டைகள் நல்ல உதாரணம். சூயிங்கம் பொட்டலத்தோடு வந்த விளையாட்டு வீரர்களின் படங்கள் அவை. டாப்ஸ் நிறுவனம் 1971இல் வெளியிட்ட வரிசைக்குக் கறுப்பு ஓரம். அழகான யோசனைதான், ஆனால் விரல் பட்டாலே ஓரத்தின் கறுப்பு உதிர்ந்து வெள்ளை தெரியும். பையன்கள் டவுசர் பையில் போட்டுத் திரிந்த அட்டைகள், ஒன்றுகூடத் தப்பியிருக்காது என்றே தோன்றும். அதனாலேயே ஓரம் கெடாத 1971 அட்டைக்கு இன்று தனி மவுசு. அடுத்த வருடமே அதே நிறுவனம் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில், சினிமாக் கொட்டகை முகப்பைப்போல வளைந்த எழுத்துகளோடு அட்டை போட்டது. 71காரருக்கு 72 கோமாளித்தனம். 72காரருக்கு 71 துக்க வீடு. கறுப்பு ஓரத்தை விரும்புகிறவரிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: அந்த ஓரம் எளிதில் கெடாததாக இருந்திருந்தால் அப்போதும் உங்களுக்கு அது பிடித்திருக்குமா? அரிதாகக் கிடைப்பதை அழகு என்று நம்பிவிடுவது எல்லாச் சேகரிப்பாளருக்கும் வரும் நோய். மறுபதிப்பு காணாத நாவலைப் பற்றி நாம் பேசும்போதும் குரலில் ஒரு நடுக்கம் வந்துவிடுகிறதே, அதுவும் இந்த நோய்தான்.

தங்கையின் ரசனை 1965இல் தொடங்குகிறது. அந்த வருடம் நவம்பர் 15 அன்று எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக ஆர்க்கிட் வரிசை வந்தது. ஏழு விலை, ஏழு பூ. சிங்கப்பூர் பிரிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 1971இல் ஆர்க்கிட் இருந்த இடத்துக்கு வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. தொழில்முறைக் கண்ணோடு அவள் பார்ப்பது இடப் பங்கீட்டை. ஒவ்வொன்றிலும் பூ இருக்க வேண்டும், நாட்டின் பெயர், மாநிலத்தின் பெயர், விலை எல்லாம் இருக்க வேண்டும், இவற்றோடு ஆட்சியாளரின் படமோ மாநிலச் சின்னமோ இருக்க வேண்டும். "இவ்வளவையும் கேட்டா இன்னைக்கு நான் வேலையே வேணாம்னு போயிடுவேன். இவங்க பூவ மூச்சு விட வச்சிருக்காங்க அண்ணே." சாரிடம் அவளுக்குத் தகராறு இந்த இடத்தில்தான். தென்னைச் சட்டத்தில் முகம் சிறையில் இருக்கிறது என்பது அவள் கட்சி. பூவுக்குப் பக்கத்தில் சுல்தானை ஸ்டிக்கர்போல ஒட்டிவிட்டார்கள் என்பது சார் கட்சி. ஒரு மாலை முழுக்க இருவரும் இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பேசினார்கள். யாரும் மனம் மாறவில்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது அந்த இரண்டு வரிசைகளையும் நான் முன்பைவிட நன்றாகப் பார்த்திருந்தேன். விமர்சனத்திடம் இதைவிட அதிகமாக எதை எதிர்பார்ப்பது? க.நா.சு.வின் பட்டியல்கள் மேல் எத்தனை புகார் இருந்தாலும், அவை நம்மை ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரிக்க வைத்தன என்பதை யாரும் மறுக்கமுடியாது.

இனி என் கட்சி. நான் பெரிதாகச் சேகரிப்பவன் இல்லை. என்னிடம் இருப்பவை கொஞ்சம்தான், அதில் எனக்குப் பிடித்தது 1957இன் ஆறு காசுத் தபால் தலை. அந்த வருடம் மே 5, அதாவது சுதந்திரத்துக்கு நான்கு மாதம்கூட இல்லாத நேரத்தில், மலாயாக் கூட்டரசு தன் பெயரில் நான்கு தபால் தலைகள் வெளியிட்டது. ஆறு காசில் ரப்பர் மரம் சீவும் காட்சி. பன்னிரண்டு காசில் கூட்டரசின் சின்னம். இருபத்தைந்தில் ஈயக் கப்பல். முப்பதில் வரைபடம். மாநில வரிசைகளில் இருப்பதுபோல இதில் ஓரத்தில் ஆட்சியாளர் கிடையாது. புதிதாகப் பிறக்கப்போகும் நாடு தன்னை நான்கு படங்களில் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஒன்று சின்னம், ஒன்று இயந்திரம், ஒன்று நிலம். மனிதர் என்று இருப்பது மரத்தடியில் நிற்கும் அந்த ஒருவர் மட்டும்தான்.

இதைக் காட்டியதும் சார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உன் பாட்டி மரம் சீவினாங்க. அதனால உனக்கு இது பிடிக்குது. இதுக்குப் பேரு ரசனை இல்லப்பா, சொந்தம்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன். மலேசியத் தமிழ் இலக்கியத்தின் மேல் வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டும் இதுதானே. தோட்டத்து நாவலை நாம் பாராட்டுவது அது நல்ல நாவல் என்பதாலா, நம் தோட்டம் என்பதாலா? லயம், பெரட்டு, கங்காணி, மங்கு என்று நான்கு சொல்லைப் பார்த்ததுமே கண் கலங்கிவிடுகிறவர் விமர்சகரா, உறவினரா? நம் பால்மரக் காட்டை அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்து எழுதியபோது, எங்களைப் பற்றி எழுதிவிட்டாரே என்று மகிழ்ந்தவர்களும் உண்டு, இவருக்கு என்ன தெரியும் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் பேசியது சொந்தம்தான்.

சாரின் வாக்கியத்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். சொந்தம்தான் என்னை அந்த ஆறு காசின் முன் நிறுத்தியது. ஆனால் நின்றபின் நான் பார்த்தது என் பாட்டியை மட்டும் அல்ல. நான்கில் ஒரே மனிதர் இவர் என்பதைப் பார்க்க எந்தப் பாட்டியும் தேவையில்லை. பூதக்கண்ணாடியைக் கொடுத்தால் ஜப்பான்காரருக்கும் தெரியும். விருப்பம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும், அது ஒருவரின் அந்தரங்கம். அந்த விருப்பம் கண்டுபிடித்ததைப் பொதுவில் வைத்துக் காட்டமுடிகிறதா என்பதில்தான் சொந்தமும் ரசனையும் பிரிகின்றன. மழை பெய்தால் மரம் சீவமுடியாது, மங்குப் பாலில் தண்ணீர் சேர்ந்துவிடும், அன்றைய கூலி போய்விடும். தோட்டத்தில் வளர்ந்த வாசகர் ஒரு நாவலில் மழை வரும் பக்கத்தைப் படிக்கும்போது அந்த வீட்டில் யாராவது வானத்தைப் பார்த்தார்களா என்று தேடுவார். பார்க்காமல் மண்வாசனையில் மயங்கினார்கள் என்றால் எழுத்தாளர் அங்கே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த அறிவு சொந்தத்தில் கிடைத்தது. ஆனால் வெளியே எடுத்து வைத்தால் யாருக்கும் புரியும், யாரும் சரிபார்க்கலாம்.

சாருக்கு நான் பதிலாக வைத்தது இன்னும் சில தபால் தலைகளையும் ஒரு புத்தகத்தையும். புத்தகம் ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக். சேகரிப்பாளர்களின் வேதம் அது. அதில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் உண்டு. சுல்தான் என்றால் முழுப்பெயர் இருக்கும். 1912 கெடா வரிசையில் ஏர் உழுகிறவருக்குத் தன் பெயர் இல்லை, ஆனால் இனம் இருக்கிறது: உழும் மலாய்க்காரர். 1957 மாநில வரிசையின் ஐம்பது காசில் ஊதுகுழலோடு நிற்பவர்களும் பூர்வகுடிகள் என்றே குறிக்கப்படுகிறார்கள். நம் ஆறு காசுக்கு வந்தால், 'ரப்பர் சீவுதல்'. பெயரும் இல்லை, இனமும் இல்லை, ஆளே இல்லை. வேலை மட்டும் இருக்கிறது. ஆங்கிலேயர் எழுதிய பட்டியலில் யாரோ இடம் மிச்சம் பிடித்திருக்கலாம். நெசவுக்கும் சிலாட்டுக்கும்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் அந்த வரியை ஒருமுறை படித்தபின் படத்தைப் பழையபடி பார்க்கமுடியவில்லை.

அடுத்து, அந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்று தேடினேன். 1957இல் பதினொரு மாநிலங்களும் பொதுவாக வெளியிட்ட பட வரிசையில் கொப்பரை, அன்னாசி, வயல், பள்ளிவாசல், கிழக்குக்கரை ரயில், புலி, மீன்பிடிப் படகு எல்லாம் உண்டு, ரப்பர் இல்லை. 1960இல் கோலாலம்பூரில் இயற்கை ரப்பர் ஆராய்ச்சி மாநாடு நடந்தபோது வந்த தபால் தலையில் ஒரு ரப்பர் கன்றும் வரைபடமும் இருந்தன. ஆள் இல்லை. அப்போது அஞ்சல் துறையும் சேர்ந்த பொதுப்பணி அமைச்சைக் கையில் வைத்திருந்தவர் துன் சம்பந்தன். இன்று பிரிக்ஃபீல்ட்ஸின் நடுவே ஓடும் சாலைக்கு அவர் பெயர்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலம் அது. அதே 1960இல்தான், பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க, அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். படத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குப் பங்கு இருந்ததா என்பது என் கேள்வி அல்ல. ஒரே வருடத்தில், ஓர் அமைச்சரின் இரண்டு கைகளுக்கு அருகே, கன்று ஒரு தாளிலும் சீவுகிறவர் வேறொரு தாளிலும் இருந்தார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன்.

1968இல் இன்னொரு ரப்பர் மாநாடு, மூன்று தபால் தலைகள். இதில் சீவும் காட்சி திரும்பி வருகிறது. ஒன்றில் அதனுடன் ரப்பரின் மூலக்கூறு, ஒன்றில் ஏற்றுமதிச் சரக்கு, ஒன்றில் விமானச் சக்கரம். தங்கைக்கு இந்த மூன்றும் வரிசையாகப் பிடித்தவை. மரத்தில் தொடங்கி விமானம்வரை ஒரு கதை சொல்லியிருக்கிறார்கள் என்றாள். உண்மை, நல்ல வடிவமைப்புதான். அதே 1968இல்தான் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். அது கிடைக்காமல் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இதைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தக் கதையில ஏத்துமதி ஆனது ரப்பர் மட்டும் இல்லன்னு சொல்றீங்க," என்றாள். அவள் அந்த மூன்றையும் ஆல்பத்திலிருந்து எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. வடிவமைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதால்தான் அது எதை மறைக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

கிள்ளான் அண்ணன் இதற்கு நடுவே தன் ஆசாத் ஹிந்த் தபால் தலைகளைக் கொண்டுவந்து போட்டார். நேதாஜியின் அரசுக்காக 1943இல் பெர்லினில் அச்சடித்தவை. வரைந்தவர்கள் ஜெர்மானிய விளம்பர ஓவியத் தம்பதி. உழவன், நூல் நூற்கும் பெண், உடையும் சங்கிலி என்று எல்லாமே சுவரொட்டிக் கம்பீரத்தோடு இருக்கும். ஆனால் ஒரு கடிதத்தைக்கூட அவை சுமந்ததில்லை, வெளியிடப்படவே இல்லை. "தபால் போகாதது தபால் தலை இல்ல" என்று சார் ஒரே வரியில் தள்ளிவிட்டார். கிள்ளானிலிருந்தும் காப்பாரிலிருந்தும் தோட்டத்துப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்த படையின் ஸ்டாம்பு என்றார் அண்ணன். படம் பெர்லின்காரனுடையது, கனவு உங்களுடையது என்றாள் தங்கை. அன்றைக்கு மூன்று பேருமே சரியாகப் பேசினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் மூவரும் சேர்ந்து என்னை அடித்திருப்பார்கள்.

கடைசியாக மேசையில் விழுந்தது 1986 வரிசை. மாநிலங்களுக்குப் பொதுவாக ஏழு விளைபொருள்கள்: காப்பி, தேங்காய், கொக்கோ, மிளகு, ரப்பர், செம்பனை, நெல். ரப்பர் பதினைந்து காசு. எங்கள் தலைமுறையில் பலர் முதன்முதலில் தண்ணீரில் ஊறவைத்து உரித்த தபால் தலைகள் இவைதான். மதிப்பு ஒன்றும் கிடையாது, சந்தையில் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுப்பார்கள். சார் ஏழையும் வரிசையாக அடுக்கினார். காப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள், தென்னந்தோட்டத்துக்குப் போனவர்கள், ரப்பர், அது போய்ச் செம்பனை. எங்கள் குடும்பங்களின் நூற்று ஐம்பது வருடமும் விலை வரிசையில் வந்து நின்றது. ஒன்றிலும் கை இல்லை. சார் ஆறு காசை எடுத்துப் பதினைந்து காசுக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இப்பவும் சொல்றேன், இது நல்ல டிசைன் இல்ல," என்றார். "ஆனா இதுக்குப் பக்கத்துல எத வைக்கணும்னு யோசிக்கணும். தென்னைமரப் பக்கத்துல வேணாம். நெகிரி செம்பிலானுக்கு எதிர்ல வச்சுப் பாப்போமா?"

முகமில்லாத சின்னத்துக்கு எதிரே பெயரில்லாத ஆள். தங்கை ஹிஞ்ச் தாளைத் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அது ஜப்பான் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றார்.